விமானத்தின் வயிறு

ஈப்போ,
14.03.1966

அன்பின் தம்பி தியாகலிங்கத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது மாதமாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை. நானும் உன் மருமகன் தேவராசாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம்.

அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பகலில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறான். பின்னேரத்தில் மேசையில் இருந்து பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறான். இருபத்தேழு வயதில் இது என்ன வேலை என்று கேட்டேன். சிரிக்கிறான்.

போன மாதம் பினாங்குக்குப் போனவன் பெரிய பெட்டி ஒன்றோடு வந்தான். மூடியில் நாலு இயந்திரம் பூட்டிய குண்டுவீச்சு விமானத்தின் படம். லிபரேட்டர் என்று பெயர் போட்டிருந்தது. "அம்மா, சண்டைக் காலத்திலை மாமா பலாலி விமான முகாமிலை தீந்தை அடிச்சது இதுக்குத்தானே?" என்று கேட்டான். ஓம் என்றேன். "அப்ப இது மாமாவுக்கு" என்று என் கையில் தந்துவிட்டான்.

பஞ்சலிங்கம் றெயில்வேயில் ஓய்வு பெற்று மயிலிட்டிக்கே திரும்பி வருகிறார். அவரிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். நசுங்காமல் கொண்டு வருவதாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. உடைந்திருந்தால் எழுது.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிற கேள்வியை இனிமேல் கேட்காதே. நான் ஊருக்கு வரமாட்டேன். ஏன் என்று உனக்கும் தெரியும், குருநகருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
அக்கா இராசமலர்


மயிலிட்டி,
02.05.1966

அன்பின் அக்காவுக்கு,

முதலில் பெட்டியின் சுகத்தை எழுதுகிறேன். ஒரு மூலை நசுங்கிவிட்டது. பஞ்சலிங்கத்தார் கப்பலில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். ஒரு காற்றாடியின் இதழ் முறிந்திருந்தது. வேறு சேதம் இல்லை. இதழை நான் வெட்டி ஒட்டிவிட்டேன். நீங்கள் பார்த்தாலும் எது என்று சொல்லமாட்டீர்கள்.

மருமகனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். எழுபத்திரண்டு அடியை ஓர் அடியாகச் சுருக்கிய கணக்கு. செட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பதினெட்டு அங்குலம். பசைக் குழாய் வரும் வழியில் காய்ந்துபோயிற்று. மானிப்பாயில் மருந்துக்கடை வைத்திருக்கும் சிவசுப்பிரமணியம் சின்னப் போத்தலில் குளோரபோம் தந்தார். தூரிகையால் தொட்டு இரண்டு விளிம்பிலும் தடவினால் பிளாஸ்டிக் இளகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. யன்னலைத் திறக்காமல் ஒட்டினால் நானும் கதிரையோடு சேர்ந்து ஒட்டிப்போவேன் என்று உங்கள் மச்சாள் நாகேஸ்வரி சொல்கிறாள். அவள் சொல்வது சரி. முதல் நாள் தலை சுற்றியது.

தீந்தைக்குக் குறைவில்லை. படகுகளுக்குப் பெயரும் நம்பரும் எழுதித்தானே சீவிக்கிறேன். ஆனால் படகு வெள்ளை பளபளக்கும். விமான வெள்ளை பளபளக்கக் கூடாது. முகத்துக்குப் போடும் பவுடரை அதில் குழைத்துப் பார்த்தேன். அப்படியே வந்துவிட்டது.

பெட்டி மூடியில் விமானம் பச்சையும் மண்ணிறமுமாக இருக்கிறது. இங்கே நின்றவை அப்படி இல்லை. முதுகு இருண்ட சாம்பல், பக்கமும் வயிறும் வெள்ளை. கடலுக்கு மேல் திரிகிறவை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மேகமும் அதுவும் ஒன்றாகத் தெரியவேண்டும். செட்டையில் ஒட்டுகிற வட்டத்தின் நடுவில் சிவப்பு இருக்கிறது. அதுவும் பிழை. யப்பான்காரனின் அடையாளம் சிவப்பு வட்டம் என்றபடியால் இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்பே இருக்கக்கூடாது என்று கட்டளை வந்தது. முகாமில் என் முதல் ஆறு மாத வேலை அதுதான், சிவப்பை மூடி நீலம் அடிப்பது. ஆகவே பெட்டியில் வந்த வட்டங்களை எறிந்துவிட்டேன். நானே வரைகிறேன்.

வயிற்றுக் கதவை மூடி ஒட்டச் சொல்லித் தாளில் போட்டிருக்கிறது. எனக்கு மனம் வரவில்லை. உண்மையான கதவு பாய் சுருட்டுகிறமாதிரிச் சுருண்டு பக்கவாட்டில் ஏறும். பார்க்க அழகாயிருக்கும். பெட்டியில் குண்டுகளும் இருக்கின்றன, அவற்றை வைக்கப்போவதில்லை. இங்கே நின்ற விமானங்களில் நான் குண்டு கண்டது குறைவு. 1945ஆம் ஆண்டு தை மாதம் மட்டும் ஒரு கிழமை இரும்பு உருளைகள் வந்து இறங்கின. ஆள் நீளம். பின்புறத்தில் பரசூட் மடித்துக் கட்டியிருக்கும், பச்சை கலந்த வெள்ளைப் பட்டு. இது என்ன என்று எங்கள் பார்க்கர் சார்ஜனைக் கேட்டேன். "கடலுக்குப் போடுறது. கதைக்காதை" என்றார். அவர் தமிழ் அவ்வளவுதான்.

முதுகுச் சாம்பல் இன்னும் சரியாக வரவில்லை. நீலம் கொஞ்சம் கூடிவிட்டது.

அன்புத் தம்பி,
தியாகலிங்கம்


ஈப்போ,
23.05.1966

அன்பின் தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன்.

அத்தான் போன கதையை நான் உனக்கு ஒழுங்காக எழுதியதில்லை. உனக்குத் தெரிந்தது சிசிலியா குருநகருக்குத் திரும்பி வந்து சொன்ன கதை. இப்போது நான் எழுதுகிறேன்.

பினாங்குத் தீவுக்கும் அக்கரைக்கும் ஓடிய சின்ன நீராவிப் படகு அது. யப்பான்காரர் பிடித்து வைத்திருந்தார்கள். அத்தான் அதில் என்ஜின் பார்த்தார். சுக்கான் பிடித்தவர் சிசிலியாவின் மனிசன் சந்தியாப்பிள்ளை. இரண்டு பேரும் ஒரே வருடம் கப்பலேறி வந்தவர்கள். எங்கள் வீட்டுக்கும் சிசிலியா வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறுதான். 1945ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு முதல் நாள், பகல் பத்து மணிக்கு, துறைமுக வாசலில் படகு வெடித்துத் தண்ணீருக்குள் தாண்டது. பதினொரு பேர். பொயிலரைக் கவனிக்காத என்ஜின்காரனின் பிழை என்று துறைமுகத்தில் எழுதி ஒட்டினார்கள். ஒரு கிழமை போக, குடித்திருந்தார் என்றும் ஆட்கள் சேர்த்துச் சொன்னார்கள்.

சிசிலியா என் வாசலில் வந்து நின்று, "உன்ரை மனிசன் தானும் செத்து என்ரை மனிசனையும் கொண்டு போட்டான்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. பொறுமையால் அல்ல. நானும் அப்படித்தான் நம்பினேன்.

படகு வெடிப்பதற்கு முதல் நாள் மலாய் மீன்பிடிகாரர் ஒருவர் கரையில் பெரிய பட்டுத் துணி ஒதுங்கிக் கிடக்கக் கண்டு எடுத்துப்போனார். அவர் மனைவி அதில் சட்டை வெட்டினாள். யப்பான் சிப்பாய்கள் வந்து வெட்டிய துண்டையும் வெட்டாத துணியையும் பிடுங்கிக்கொண்டு, அந்த மனிசனைத் தெருவில் போட்டு அடித்தார்கள். ஒரு துணிக்கு இவ்வளவு அடியா என்று கிணற்றடியில் நானும் சிசிலியாவும் கதைத்தோம். நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதமாகக் கதைத்த கடைசிக் கதை அது.

துணியின் நிறம் பச்சை கலந்த வெள்ளை.

உருளை வந்தது தையில் எந்தக் கிழமை? எந்தக் கடலில் போட்டார்கள்? போட்டால் அது என்ன செய்யும்? இதற்கு மட்டும் பதில் எழுது. சாம்பல் நிறத்தைப் பற்றி எழுதாதே.

அக்கா


மயிலிட்டி,
19.06.1966

அன்பின் அக்காவுக்கு,

உருளை வந்தது பொங்கல் கழிந்த கிழமை. பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு எடுத்துப் போய்வந்தேன், வந்தபோது இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் நினைவிருக்கிறது.

அது கடலின் அடியில் போய்க் கிடக்கும். மேலே இரும்பு உள்ள கப்பலோ படகோ போனால் வெடிக்கும். விழுந்த அன்றே வெடிக்கவேண்டும் என்றில்லை. அடுத்த நாளும் வெடிக்கலாம், அடுத்த மாதமும் வெடிக்கலாம். இதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சண்டை முடிந்தபின் தெரிந்துகொண்டேன்.

எங்கே போட்டார்கள் என்று தெரியாது. பினாங்கு இங்கிருந்து ஆயிரத்து முந்நூறு மைல். இடையில் எத்தனையோ தீவு, எத்தனையோ துறைமுகம். பர்மாப் பக்கம் போயிருக்கலாம். சுமாத்திராப் பக்கம் போயிருக்கலாம். இந்தியாவிலிருந்தும் விமானங்கள் போயின. பட்டுத் துணி எல்லா விமானத்திலும் இருந்தது. அக்கா, ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டாம்.

இருந்தும் பார்க்கருக்கு எழுதியிருக்கிறேன். வருடம் தவறாமல் கிறிஸ்மசுக்கு நத்தார் மடல் அனுப்புகிற மனிசன். அவருக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்தவர்களைத் தெரியும்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னபடியால் விமானத்தைப் பற்றி எழுதவில்லை. எழுதவும் ஒன்றும் இல்லை. ஒரு பக்கச் செட்டையோடு நிற்கிறது.

தியாகலிங்கம்


ஈப்போ,
10.10.1966

தம்பிக்கு,

நாலு மாதமாகிறது. பார்க்கர் பதில் எழுதவில்லையா, நீ எழுதவில்லையா?

அக்கா


மயிலிட்டி,
06.11.1966

அன்பின் அக்காவுக்கு,

நான்தான் எழுதவில்லை. பார்க்கரின் பதில் ஆவணியிலேயே வந்துவிட்டது.

அந்த நாளில் விமானத்தில் வழி பார்த்த ஒருவரின் குறிப்புக் கொப்பியைத் தேடிப் பிடித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் எழுதியதைத் தமிழில் தருகிறேன். "1945 ஜனவரி 25, இரவு. மூன்று விமானங்கள் உங்கள் ஓடுதளத்திலிருந்து எழுந்தன. பினாங்குத் துறைமுகத்தின் வடக்கு வாசலில் உருளைகளை இறக்கிவிட்டு மறுநாள் திரும்பின. ஒருவருக்கும் சேதமில்லை." கடைசி வரியை அவர் சந்தோசமாகத்தான் எழுதியிருக்கிறார். அவருக்கு எங்கள் விசயம் தெரியாது. பழைய நினைவுக்குக் கேட்கிறேன் என்றுதான் நான் எழுதியிருந்தேன்.

நாட்காட்டி பார்த்தேன். அந்த வருடம் தைப்பூசம் இருபத்தெட்டு. அத்தானின் படகு இருபத்தேழு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இவ்வளவு நாள் எடுத்தது.

உருளைகளை ஏற்றுகிறபோது வெள்ளைக்காரப் பெடியள் அதில் சோக்கட்டியால் ஏதாவது எழுதுவார்கள். பெட்டையின் பெயர் எழுதுவார்கள், வசவு எழுதுவார்கள். அன்றைக்கு ஒருவன் என்னைக் கூப்பிட்டு, நீயும் உன் பாசையில் எழுது என்றான். என் கையில் வெள்ளைத் தீந்தையும் தூரிகையும் இருந்தன. என்ன எழுதுகிறது என்று தெரியவில்லை. புறப்படுகிறவர்களுக்கு நாங்கள் என்ன சொல்கிறோம்? அதையே எழுதினேன். "போட்டு வா." விமானத்தில் போகிற பெடியளை நினைத்துத்தான் எழுதினேன். அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களின் விமானத்தின் வயிற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியதும் நான்தான்.

எனக்கு அப்போது இருபது வயது. அதை ஒரு சாட்டாக எழுதவில்லை.

துண்டுகளையெல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். நாகேஸ்வரி ஏன் என்று கேட்டாள். கண் வலி என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வெட்கமாயிருக்கிறது. கேட்காமல் இந்தக் கடிதத்தை மூடவும் முடியவில்லை.

தியாகலிங்கம்


ஈப்போ,
28.11.1966

அன்பின் தம்பிக்கு,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. வாசித்தேன். தேவராசாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பிறகு குசினிக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அத்தான் பொயிலரை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். இருபத்தொரு வருடமாக எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வரிதான். நீ அதை எழுதி அனுப்பிவிட்டு மன்னிப்பும் கேட்கிறாய்.

நான் சொல்வதைக் கவனமாக வாசி. உனக்கு அழவேண்டும் என்றால் அழு. ஆனால் அது உன் துக்கம். அதை என் பெயரில் எழுதாதே. எனக்கு வந்தது நல்ல செய்தி.

இனி நான் செய்ததைக் கேள். ஒவ்வொரு தையிலும் அவருக்குத் திவசம் செய்து ஐயருக்குக் கொடுத்துவிட்டு, அன்றைக்குப் பின்னேரமே அவரை மனதுக்குள் ஏசுவேன். பதினொரு பேரைக் கொண்டு போட்டாயே என்பேன். பிள்ளை தகப்பனைப் பற்றிக் கேட்டால் கதையை மாற்றுவேன். அவர் குடிக்காதவர் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அன்று குடித்திருப்பாரோ என்று நானே யோசித்திருக்கிறேன். நீ ஒரு சொல் எழுதினாய். நான் இருபத்தொரு வருடம். நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்கிறது?

ஆகவே வேலையைப் பார்ப்போம். பெட்டியைக் கீழே இறக்கு.

சிசிலியாவுக்கு இது தெரியவேண்டும். நான் எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவாள். இரண்டு தரம் அனுப்பியிருக்கிறாள். பார்க்கரின் கடிதத்தைக் காட்டினால் வெள்ளைக்காரன் எழுதியதை நம்பமாட்டாள், இங்கிலீசும் தெரியாது. அவள் கண்ணால் கண்டதை நம்புகிறவள். விமானத்தை முடி. வயிற்றைத் திறந்து வை. உள்ளே அந்த உருளை எப்படித் தொங்கியதோ அப்படித் தொங்கவிடு, சரியான அளவில். பட்டும் கட்டிவிடு, அவளுக்கு அந்தத் துணி நினைவிருக்கும். குருநகருக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொல்.

நீ எழுதியதையும் அதில் எழுது.

அக்கா


மயிலிட்டி,
21.02.1967

அன்பின் அக்காவுக்கு,

பெட்டியை இறக்கி ஒரு மாதமாகிறது. நீங்கள் கேட்டபடி செய்திருக்கிறேன்.

கதவுகளைப் பேனாக்கத்தியால் அறுத்து எடுத்துவிட்டுப் பால்மா டின் தகட்டில் வேறு கதவு செய்து, சுருண்ட நிலையில் பக்கங்களில் ஒட்டினேன். உள்ளே நடுவில் ஒரு நடைபலகை உண்டு, ஒரு பாதம் வைக்கத்தான் இடம் காணும். அதை நெருப்புப்பெட்டி மட்டையில் செய்தேன். அதன் இரண்டு பக்கத்திலும்தான் உருளைகள் தொங்கும். நான் ஒன்றுதான் செய்தேன். ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

எழுபத்திரண்டால் பிரித்தால் உருளை ஓர் அங்குலம் வருகிறது. பருமன் பென்சில் அளவு. ஆகவே பென்சிலையே அறுத்து, கரியைக் குடைந்து எடுத்து, முனையை உருட்டித் தேய்த்தேன். தொங்கவிடச் செப்புக் கம்பியில் இரண்டு வளையம். பின்புறத்தில் கட்டுவதற்கு நாகேஸ்வரி தன் கூறைச் சேலையில் உட்புறம் மடிந்த ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெட்டித் தந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பச்சை கலந்த வெள்ளையாக அதைச் சாயம் தோய்க்க மூன்று தரம் பிடித்தது.

எழுத்து எழுதிய அன்று வேறு வேலைக்குப் போகவில்லை. அணில் வால் மயிர் மூன்றைக் கட்டி எழுதினேன். பிழை வந்தால் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதலாம் என்று இருந்தேன். முதல் தரமே சரியாக வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதுகுச் சாம்பலும் சரியாக வந்துவிட்டது. எழுதவேண்டாம் என்றீர்கள், தெரியும்.

அக்கா, ஒரு கேள்வி. பஞ்சலிங்கத்தாரும் பினாங்கில் இருந்தவர்தானே. சிசிலியா அக்காவை அவருக்குப் பழக்கம். அவரிடம் கொடுத்து அனுப்பினால் என்ன?

தியாகலிங்கம்


ஈப்போ,
06.03.1967

தம்பிக்கு,

பஞ்சலிங்கம் அதையும் தலைக்கு வைப்பார். நீ போ.

அக்கா


மயிலிட்டி,
11.04.1967

அன்பின் அக்காவுக்கு,

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டியும் குறைத்தும் எழுதவில்லை.

நேற்றுக் காலை பஸ்ஸில் போனேன். பெட்டியை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "என்ன, கேக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

சிசிலியா அக்காவின் வீடு கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது. முற்றத்தில் வலையைக் கதிரையில் போட்டுக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்க்காமல், "ஆர்?" என்றார்.

"மயிலிட்டியிலை இருந்து வாறன். இராசமலரின்ரை தம்பி."

வலை ஊசி நின்றது. "அந்தப் பேரை இஞ்சை சொல்லக்கூடாது. போம்" என்றார்.

நான் போகவில்லை. பெட்டியைத் திறந்து விமானத்தை எடுத்து அவர் முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். பலாலியில் நான் செய்த வேலை, தை மாதம் வந்த உருளை, இருபத்தைந்தாம் திகதி இரவு, பார்க்கரின் கடிதம், பினாங்கின் வடக்கு வாசல். இடையில் மறிப்பார் என்று நினைத்தேன். மறிக்கவில்லை. சொல்லி முடிந்தபின் எழும்பி வந்து, குனிந்து, விமானத்தின் வயிற்றுக்குள் பார்த்தார். விரலை விட்டுத் தொட்டார். பட்டுத் துண்டில் விரல் பட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"உந்தத் துணி" என்றார். "அந்த மலாய் மனிசன்ரை பெண்சாதி சட்டை வெட்டினவள். நாங்கள் கிணத்தடியிலை நிண்டு கதைச்சனாங்கள்."

"அக்காவும் எழுதினவ" என்றேன்.

திரும்பவும் குனிந்து பார்த்தார். பிறகு, "இதிலை ஏதோ எழுதியிருக்கு. எனக்குக் கண் விளங்காது, வாசியும்" என்றார்.

வாசித்தேன்.

"ஆர் எழுதினது?"

"இதிலையும் நான்தான். அதிலையும் நான்தான்."

"எங்கை போகுதெண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீரோ?"

எழுதியிருக்கமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெடியள் சுற்றி நின்று சிரித்ததும், என்னையும் ஓர் ஆளாக நினைத்துக் கூப்பிட்டார்களே என்று எனக்கு வந்த சந்தோசமும் நினைவுக்கு வந்தது. "அதுவும் தெரியாதக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபமாக ஆட்டினாரா, சரி என்று ஆட்டினாரா எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கோப்பி கொண்டுவந்து தந்தார். சீனி போடவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா தெரியாது. குடித்தேன்.

கோப்பை காலியான பிறகுதான் கதைத்தார். "இருபத்திரண்டு வருசம் தம்பி. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கோயில்லை முழங்காலிலை நிண்டு, உம்மடை அத்தானுக்குக் கடவுள் கேக்கவேணும் எண்டு மன்றாடினனான். சீவரத்தினம் எண்டு பேர் சொல்லி மன்றாடினனான். இப்ப அதை எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

"என்னைத் திட்டுங்கோ" என்றேன்.

"உம்மைத் திட்டி என்ன? நீர் நான்தான் எண்டு சொல்லிக்கொண்டு வந்து நிக்கிறீர்" என்றார். "எனக்குத் திட்டுறதுக்கு ஓராள் இருந்தது. அது பெரிய உதவி. உமக்கு விளங்காது."

பிறகு குனிந்து செப்புக் கம்பியை நகத்தால் நெம்பி உருளையைக் கழற்றினார். கம்பி ஒரு பக்கம் வளைந்துவிட்டது. உருளையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். கோயிலுக்குக் கொண்டுபோவாரோ, அடுப்பில் போடுவாரோ என்று நினைத்தேன். சேலைத் தலைப்பில் வைத்து முடிந்துகொண்டார்.

"இது இஞ்சை இருக்கட்டும். மற்றதை நீர் கொண்டு போம்" என்றார். வாசல் படலை வரை வந்து, உங்கள் விலாசத்தைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதை வாசிக்கவில்லை, மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் விமானத்தைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

தியாகலிங்கம்


ஈப்போ,
19.06.1967

அன்பின் தம்பிக்கு,

உன் கடிதம் சித்திரையிலேயே கிடைத்தது. பதில் எழுத முன் இன்னொரு கடிதத்துக்காகக் காத்திருந்தேன். போன கிழமை அது வந்தது.

சிசிலியா யாரையோ கொண்டு எழுதுவித்திருக்கிறாள். எழுத்து வேறு, பேச்சு அவளுடையது. ஒரு பக்கம்தான். முதல் பாதியில் என்னை ஏசியிருக்கிறாள். இருபத்திரண்டு வருடம் ஊர்ப்பக்கம் தலை காட்டாமல் இருந்ததால்தான் ஊர் அந்தக் கதையை நம்பியதாம். நான் வந்து எதிரில் நின்றிருந்தால் தானே ஒரு நாள் சந்தேகப்பட்டிருப்பாளாம். அதில் நியாயம் இல்லை. ஆனால் கிணற்றடியில் அவள் கதைக்கிறமாதிரியே இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன்.

இரண்டாவது பாதியில், பதினொரு பேரில் ஊரோடு தொடர்பு உள்ள நாலு வீட்டுக்குத் தானே போய்ச் சொன்னதாக எழுதியிருக்கிறாள். மூன்று வீடு கேட்டதாம். நாலாவது வீட்டில், பொயிலரோ குண்டோ, போன ஆள் போன ஆள்தான் என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். அவர்கள் சொல்வதும் பிழையில்லை.

பென்சில் துண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீயும் கேட்காதே.

தேவராசா பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டிருக்கிறான். ஆவணியில் கப்பலேறுகிறோம். கொழும்பில் இறங்கி றெயிலில் வருவோம். விமானத்தை வெறும் வயிற்றோடு அப்படியே வைத்திரு. வேறு உருளை செய்து வைக்காதே. நான் பார்க்கவேண்டும்.

வருகிற நாள் பற்றி ஒரு சிக்கல் இருந்தது. வந்து இறங்கினால் முதற் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று சிசிலியா எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வா, நல்ல மீன் போட்டுக் கூழ் காய்ச்சித் தாறன் என்கிறாள். அவள் கத்தோலிக்கம், அவளுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது, மீன் ஆகும். எனக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. பக்கத்து வீட்டில் ஏழு வருடம் இருந்தவளுக்கு இது நினைவில்லை. அல்லது நினைவிருந்துதான் எழுதினாளோ என்னவோ.

வியாழக்கிழமை வருகிறேன் என்று அவளுக்கு எழுதிவிட்டேன். ஆகவே நீ ஸ்டேசனுக்கு வராதே. எங்களை வெள்ளிக்கிழமை மயிலிட்டியில் எதிர்பார்.

அக்கா இராசமலர்